ஒரு நடிகர், பல தமிழ்: டெல்லி கணேஷின் குரலும் கலையும்



மொழி வளர்ச்சிக்கென நடைபெறும் இச்சொற்பொழிவு வரிசையில் ஒரு திரைப்பட நடிகரைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். புலவர்களையும் உரையாசிரியர்களையும் பற்றிப் பேசிப் பழகிய மேடை இது. ஆயினும் ஒரு மொழி ஏட்டில் வாழ்வது போலவே நாவிலும் செவியிலும் வாழ்கிறது. நாவில் வாழும் தமிழை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தம் தொழிலாகவும் கலையாகவும் கொண்டு வாழ்ந்த ஒருவரை இன்று நாம் நினைவுகூர விரும்புகிறோம். 2024 நவம்பர் 9ஆம் நாள் இரவு, தம் 80ஆம் அகவையில் சென்னையில் மறைந்த டெல்லி கணேஷ் அவர்களே அக்கலைஞர்.

அவருடைய படங்களை வரிசைப்படுத்திப் பாராட்டுவது நம் நோக்கமன்று. நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவரின் பட்டியல் ஒரு சொற்பொழிவுக்குள் அடங்காது. ஒரு மனிதர் பேசும் தமிழே அவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. அந்தத் தமிழை மதித்துக் கேட்டவரால்தான் அதனைப் பழுதின்றிப் பேசிக் காட்டவும் முடியும். இவ்வுண்மைக்குச் சான்றாக அவருடைய கலைவாழ்வை நாம் இங்கே காண்போம்.

வல்லநாட்டிலிருந்து டெல்லிக்கு

டெல்லி கணேஷின் இயற்பெயர் கணேசன். 1944 ஆகஸ்டு 1ஆம் நாள், அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்து வல்லநாட்டில் பிறந்தவர். தாமிரபரணிக் கரைத் தமிழ் அவர் செவியில் முதலில் விழுந்த தமிழ். 1964 முதல் 1974 வரை பத்தாண்டுகள் இந்திய விமானப் படையில் பணியாற்றினார். அக்காலத்தில் தலைநகரில் இயங்கிய தட்சிண பாரத நாடக சபாவின் மேடைகளில் நடிக்கத் தொடங்கினார். ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் தமிழர்கள், தம் மொழியைக் கேட்கும் ஆவலோடு கூடும் மேடைகள் அவை. அயல்மண்ணில் நாடகம் வளர்த்த நம் முன்னோரும் அந்த ஆவலை நன்கு அறிந்தவர்களே.

பின்னர், விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை இயக்குநர் கே. பாலசந்தர் 1977இல் திரைப்படமாக்கியபோது அதில் நடித்துத் திரையுலகில் நுழைந்தார். 'டெல்லி கணேஷ்' என்னும் பெயரை அவருக்குச் சூட்டியவரும் பாலசந்தரே. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவருக்கு வடநாட்டுத் தலைநகரின் பெயர் நிலைத்துவிட்டது ஒரு சுவையான முரண்.

குணச்சித்திரம் என்னும் சொல்

இத்தகைய நடிகரைத் தமிழில் 'குணச்சித்திர நடிகர்' என்கிறோம். ஒருவருடைய குணத்தைச் சித்திரமாக வரைந்து காட்டுபவர் என்பது அதன் பொருள். கதைத் தலைவன் எப்படத்தில் வந்தாலும் அவனை அவனாகவே காண மக்கள் விரும்புவர். குணச்சித்திர நடிகரின் நிலை வேறு. அவர் தந்தையாக வந்தால் தந்தையாகவும், கணக்கராக வந்தால் கணக்கராகவும், கயவராக வந்தால் கயவராகவும் தோன்றவேண்டும். தம்மை மறைத்துக்கொள்வதே அவருடைய திறம்.

மறைத்துக்கொள்ள அவருக்குள்ள கருவிகள் மிகச் சில. டெல்லி கணேஷ் பெரும்பாலும் எளிய ஒப்பனையிலேயே நடித்தவர். முகமும் உடலும் ஏறக்குறைய அவையே. மாறியவை நடையும், பார்வையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குரலும் பேச்சும். எனவே அவரை அறிய விரும்புவோர் அவருடைய படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கவேண்டும் என்பது நம் கருத்து.

அவ்வாறு கேட்கத்தக்க நான்கு பாத்திரங்களை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நான்கு குரல்கள்

முதலாவது, 1979இல் துரை இயக்கத்தில் வெளிவந்த 'பசி'. சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் குப்பம்மா என்னும் பெண்ணின் கதை. குப்பம்மாவாக நடித்த ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதை இப்படம் பெற்றுத் தந்தது. அவளுடைய தந்தை முனியாண்டி, ரிக்‌ஷா இழுத்துப் பிழைப்பவர். அப்பாத்திரத்தை ஏற்ற டெல்லி கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. 'இன்னா', 'வந்துகினு' என வழங்கும் சென்னைத் தமிழைத் தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் நகைச்சுவைக்கே பயன்படுத்தி வந்தது. ஒரு பாத்திரம் அவ்வாறு பேசத் தொடங்கியதும் மக்கள் சிரிக்க ஆயத்தமாயினர். 'பசி'யிலோ அதே தமிழ் வறுமையையும், மகளைப் பற்றிய கவலையையும், மானத்தையும் சுமந்து வந்தது. முனியாண்டி பேசும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை. நெல்லையில் பிறந்து, டெல்லியில் பணியாற்றிய ஒருவர், சென்னைத் தெருவின் மொழியை அதற்குரிய மதிப்போடு பேசிய நிகழ்ச்சி இது. கிளைமொழி எதுவாயினும் அவலத்தைச் சுமக்கும் ஆற்றல் அதற்குண்டு என்பதை அப்படம் காட்டியது.

இரண்டாவது, 1985இல் வெளிவந்த பாலசந்தரின் 'சிந்து பைரவி'. இதில் அவர் மிருதங்கக் கலைஞர் குருமூர்த்தி. குடிப்பழக்கத்தால் தம் இடத்தை இழக்கும் கலைஞனின் பேச்சில் பெருமிதமும் குற்றவுணர்வும் மாறி மாறி ஒலிக்கின்றன. உரத்துப் பேசவேண்டிய இடத்தில் குரல் தளர்வதும், தளரவேண்டிய இடத்தில் வீம்பாக உயர்வதும் அப்பாத்திரத்தின் உள்ளத்தைக் காட்டிவிடுகின்றன.

மூன்றாவது, 1987இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'நாயகன்'. பம்பாயில் வாழும் தமிழர்களின் கதை. அதில் வேலு நாயக்கருக்கு உறுதுணையாக நிற்கும் அய்யர் பாத்திரம் அவருடையது. இந்தி அறியாத தலைவனுக்கும் அயலாருக்கும் இடையே நின்று மொழிபெயர்த்துச் சொல்பவர் அவர். மொழிபெயர்ப்பாளரின் சொற்கள் அவருடையவை அல்ல. ஆயினும் அச்சமும் பற்றும் அவருடையவை. பிறர் சொல்லைச் சொல்லிக்கொண்டே தம் உணர்வை அதனடியில் ஒலிக்கச் செய்வது எத்துணை நுட்பமான பணி என்பதை ஆசிரியர்கள் நன்கு உணர்வர்.

நான்காவது, 1990இல் வெளிவந்த 'மைக்கேல் மதன காமராஜன்'. இதில் அவர் பாலக்காடு மணி அய்யர். கல்யாணச் சமையல்காரர், கமல்ஹாசன் ஏற்ற நான்கு வேடங்களுள் ஒருவனாகிய காமேஸ்வரனின் வளர்ப்புத் தந்தை. கேரள எல்லையில் வழங்கும் பாலக்காட்டுத் தமிழில் சொற்களைவிட இசையே முதன்மையானது. வாக்கியத்தின் முடிவில் குரல் ஏறி இறங்கும் முறையைப் பிடிக்காமல் சொற்களை மட்டும் மாற்றினால் அது போலியாகிவிடும். கல்யாண விருந்தின் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடும் காட்சியைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். நமக்கு அது நகைச்சுவை. மணி அய்யருக்கோ அது வாழ்நாள் பெயர் அழியும் நேரம். அவர் உண்மையாகவே அஞ்சுவதால்தான் நாம் உண்மையாகவே சிரிக்கிறோம்.

இதற்கு முந்திய ஆண்டில், 'அபூர்வ சகோதரர்கள்' படத்தின் நான்கு கயவர்களுள் ஒருவராகவும் அவர் நடித்திருந்தார் என்பதை இதனோடு சேர்த்து எண்ணினால், அவருடைய வீச்சு விளங்கும்.

முகமில்லாக் குரல்

டெல்லி கணேஷ் பின்னணிக் குரல் கலைஞராகவும் பணியாற்றினார். சிவசங்கரியின் புதினத்தைத் தழுவிப் பாலசந்தர் இயக்கிய '47 நாட்கள்' 1981இல் வெளிவந்தது. முதல் மணத்தை மறைத்து இன்னொரு பெண்ணை மணந்து அயல்நாட்டில் கொடுமைப்படுத்தும் இளங்கணவனாக நடித்தவர் தெலுங்கு நடிகர் சிரஞ்சீவி. தமிழில் அவருக்குக் குரல் கொடுத்தவர் டெல்லி கணேஷ். திரையில் பெரும்பாலும் தந்தையாகவும் நடுவயதினராகவும் கண்ட ஒருவரின் குரல், அழகும் கொடுமையும் கலந்த ஓர் இளைஞனின் உடலுக்குள் புகுந்து பேசியது.

இக்கலையை இலக்கணக் கண்கொண்டு நோக்குவது ஆசிரியர்களுக்குப் பயன்தரும். தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு முதலிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, அண்ணம் முதலிய உறுப்புகளின் முயற்சியால் வெவ்வேறு எழுத்தொலிகளாகப் பிறக்கும் முறையை விளக்குகிறார். பின்னணிக் குரல் கலைஞருக்கு இந்நூற்பாக்கள் அன்றாடத் தொழில் நுட்பம். பகரமும் மகரமும் இதழ்கள் பொருந்தப் பிறப்பன. திரையில் வாய் திறந்திருக்கும் நொடியில் 'ம்' ஒலித்தால் பார்ப்பவர் பொய்யைக் கண்டுகொள்வர். உகரமும் ஒகரமும் இதழ் குவியப் பிறப்பன; அகரமும் ஆகாரமும் வாய் திறப்பப் பிறப்பன. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்னும் கணக்கும் இங்கே உயிர்பெறுகிறது. நெடிலுக்குத் திறந்த வாயில் குறிலைப் பேசினால் ஒலி முந்தி முடிந்து, வாய் வெறுமனே அசைந்துகொண்டிருக்கும்.

இவ்வளவும் பொருந்தினாலும் போதாது. உடல் ஒருவருடையது, மூச்சு இன்னொருவருடையது என்பது தெரியலாகாது. நடிகர் எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கே குரல் கொடுப்பவரும் மூச்சு வாங்கவேண்டும். எனவே பின்னணிக் குரல் கலையின் முதற்படி பேசுவதன்று. உற்றுக் கேட்பதும் உற்றுப் பார்ப்பதுமே.

ஓர் எச்சரிக்கை

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் நாம் எதிர்கொள்ளவேண்டும். திரைப்படம் கிளைமொழிகளை வளர்த்ததா, கேலிப்பொருளாக்கியதா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. சமையல்காரர் என்றால் ஒரு பேச்சு, திருடன் என்றால் ஒரு பேச்சு, பட்டிக்காட்டான் என்றால் ஒரு பேச்சு என அச்சில் வார்த்த பாத்திரங்கள் பல வந்துள்ளன. அவை ஒரு வட்டாரத்தாரின் நாவைப் பிறர் சிரிப்பதற்குரியதாக்கின. டெல்லி கணேஷ் ஏற்ற பாத்திரங்களிலும் எல்லாம் ஒரே தரத்தன என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் முனியாண்டியையும் மணி அய்யரையும் போன்ற பாத்திரங்களில், பேச்சு மனிதனுக்குப் பின்னால் வருகிறது. மனிதன் பேச்சுக்குப் பின்னால் வரவில்லை. கேலிக்கும் கலைக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

நம் வகுப்பறைக்கு

இனி, இவையெல்லாம் சிங்கப்பூரில் வாழும் நமக்கு எவ்வாறு பொருந்தும் என்பதைக் கூறி முடிப்போம்.

2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் இங்குள்ள இந்தியருள் 36.7 விழுக்காட்டினர். 2020இல் அது 29.2 விழுக்காடாகக் குறைந்தது. ஏட்டில் எழுதப்படும் தமிழ் குறைவதற்கு முன்பே அடுக்களையிலும் கூடத்திலும் பேசப்படும் தமிழ் குறைந்துவருகிறது. 2005ஆம் ஆண்டில் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்ததன் பின்னணியும் இக்கவலையே.

ஆயினும் நம் மாணவர் பலர் இன்னும் ஓர் அச்சத்தோடு வாழ்கின்றனர். வீட்டில் பாட்டி பேசுவது 'தவறான தமிழ்' என்று எண்ணுகின்றனர். இங்குள்ள பாட்டிமார் தஞ்சையிலிருந்தும், கடையநல்லூர், தென்காசி வட்டாரத்திலிருந்தும், யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் நாவில் நூற்றாண்டுகள் பழமையான வழக்குகள் வாழ்கின்றன. தொல்காப்பியமே செய்யுளோடு உலக வழக்கையும் ஆராய்ந்து எழுந்த நூல் என்பதை அம்மாணவர்க்கு எடுத்துச் சொல்வது நம் கடமை. எழுத்துத் தமிழின் செம்மை குன்றவேண்டும் என்று நாம் கூறவில்லை. கட்டுரைக்கு உரிய தமிழ் கட்டுரையில், உரையாடலுக்கு உரிய தமிழ் உரையாடலில் என்னும் தெளிவே வேண்டுவது.

ஆசிரியர்களுக்கு மூன்று எளிய பயிற்சிகளை முன்வைக்கிறோம். ஒன்று, 'நாளைக்கு வருகிறேன்' என்னும் ஒரே செய்தியை நண்பனிடம், மருத்துவரிடம், நோயுற்ற பாட்டியிடம், கடன் கொடுத்தவரிடம் சொல்லிக் காட்டச் செய்யலாம். சொல்லும் குரலும் எவ்வாறு மாறுகின்றன என்பதை மாணவரே கண்டறிவர். இரண்டு, ஒரு திரைக்காட்சியை ஒலியின்றிக் காட்டி, வாயசைவுக்கேற்ப உரையாடல் எழுதிப் பேசச் செய்யலாம். எழுத்துகளின் பிறப்பும் மாத்திரையும் விளையாட்டாகவே மனத்தில் பதியும். மூன்று, வீட்டு முதியவர் ஒருவரின் பேச்சை அவர் இசைவோடு ஐந்து நிமிடம் பதிவுசெய்து, அவர் சொன்னபடியே ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதி வரச் செய்யலாம். மூன்றாவது பயிற்சியே கடினமானது. பிறர் பேச்சைத் திருத்தாமல் கேட்பதற்குப் பெரும் பொறுமை வேண்டும்.

மாணவச் செல்வங்களே, டெல்லி கணேஷ் கதைத் தலைவராகப் புகழ்பெற்றவர் அல்லர். தமிழக அரசு 1994இல் அவருக்குக் கலைமாமணி விருது வழங்கியது. ஆயினும் அவருடைய படங்களைக் கண்ட பலர் அவர் பெயரை உடனே நினைவுகூரமாட்டார்கள். முனியாண்டி என்றும், மணி அய்யர் என்றும் அவர் ஏற்ற பாத்திரங்களையே சொல்வார்கள். தம் பெயரை மறக்கச் செய்து, தாம் பேசிய மனிதர்களை நினைவில் நிறுத்துவது ஒரு குணச்சித்திர நடிகருக்குக் கிடைக்கும் உயர்ந்த மதிப்பு. இன்று மாலை வீடு திரும்பியதும், உங்கள் வீட்டு முதியவர் பேசும் தமிழைச் சிறிது நேரம் உற்றுக் கேளுங்கள். கேட்டபின் தயங்காமல் அவரோடு தமிழில் பேசுங்கள்.