கடைசிப் பெட்டியின் விளக்கு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே கணக்குப் புத்தகங்களோடு காலங்கழிப்பவன் நான். என்னைப் பேரண்டத்தின் தோற்றமும் முடிவும் பற்றிப் பேசுமாறு காரியதரிசி பணித்துவிட்டார். மறுக்கவே எண்ணினேன். ஆயினும் என் இளைய மகள், "எல்லாம் ஒரு நாள் அணைந்துவிடுமா, அப்பா?" என்று பல நாட்களாகக் கேட்டு வருகிறாள். அவளுக்குக் கூற வேண்டிய விடையையே இங்கும் கூறத் துணிந்தேன்.

நம்மைப் போல் உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே சென்ற ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து தொடங்குகிறேன். 1910 இல் லாகூரில், வடமேற்கு ரயில்வேயின் தணிக்கை அதிகாரியாயிருந்த சுப்பிரமணிய ஐயருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. (நம் இலாகாக்காரர் என்ற என் பெருமையைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.) அக்குழந்தையே சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930 இல், பத்தொன்பதாம் வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பயணத்தில் அவர் கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் யாவும் சுருங்கி, வெண்குறு விண்மீனாக அடங்கும் என்பது அந்நாளைய கொள்கை. அவ்வாறன்று, சூரியனின் எடையைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கே அதற்கு எல்லை, அதற்கு மேல் தாங்காது என்று அவர் கண்டார்.

1935 ஜனவரியில், லண்டன் வானியற் கழகக் கூட்டத்தில் இதனை அவர் எடுத்துரைத்தார். புகழின் உச்சியிலிருந்த எடிங்டன் எழுந்து அதனை நகைப்புக்கிடமாக்கினார். சபை சிரித்தது. அயல்நாட்டில் தனியே நின்ற அந்த இருபத்துநான்கு வயது இளைஞரை எண்ணுந்தோறும் என் நெஞ்சு கனக்கிறது. நோபல் பரிசு 1983 இல் வந்தது.

அண்டத்தின் முடிவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அருகிலுள்ள விண்மீனின் பொருளை ஈர்த்துப் பருக்கும் வெண்குறு விண்மீன், அவ்வெல்லையை நெருங்குகையில் வெடித்துச் சிதறுவதுண்டு. இத்தகைய வெடிப்புகளின் ஒளி ஏறக்குறைய ஒரே அளவினது. இரவில் மெயில் வண்டி புறப்பட்டுச் செல்கையில், கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைக் கண்டிருப்பீர்கள். விளக்கின் ஒளி நமக்குப் பழக்கமாதலால், அது மங்குவதைக் கொண்டே வண்டி சென்ற தூரத்தை மதிப்பிடுகிறோம் அல்லவா?

விண்மீன் மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன என்பதை 1929 இல் ஹபிள் காட்டினார். பின்னோக்கிக் கணக்கிட்டால், சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் யாவும் மிக நெருங்கி, கொதித்திருந்தன. அந்த வெப்பத்தின் மிச்சத்தை 1965 இல் பென்சியாசும் வில்சனும் அறிவித்தனர். ஈர்ப்பு விசை பிரேக் பிடிப்பதால், விரிவின் வேகம் குறைந்து வரவேண்டும் என்றே அறிஞர் கருதினர். 1998 இல் இரு குழுவினர் தொலைவிலுள்ள விண்மீன் வெடிப்புகளை அளந்தனர். விளக்குகள் எதிர்பார்த்ததினும் மங்கலாயிருந்தன. வேகம் குறையவில்லை, கூடிவருகிறது! இக்கண்டுபிடிப்புக்கு 2011 இல் நோபல் பரிசு கிடைத்தது. தள்ளும் அவ்வாற்றலுக்கு 'இருள் ஆற்றல்' என்று பெயரிட்டுள்ளனர். பெயர்தான் இருக்கிறது, விளக்கம் இல்லை.

இந்நிலை நீடித்தால், தொலைவிலுள்ள மண்டலங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கெட்டாமற் போகும். எண்ணற்ற காலத்துக்குப் பின் விண்மீன்களும் அணையும். ஆனால் அத்தள்ளுவிசையே தளர்ந்து வரலாம் என்று அரிசோனாவிலிருந்து 2024, 2025 ஆம் ஆண்டுகளில் வந்த அளவீடுகள் குறிப்புக் காட்டின. வழக்கு இன்னும் முடியவில்லை.

இவற்றையெல்லாம் மகளிடம் சொன்னேன். நம் சூரியனுக்கு இன்னும் 500 கோடி ஆண்டுகள் ஆயுள் உண்டு என்று கேட்டதும், அவள் திரும்பிப் படுத்து உறங்கிவிட்டாள். எனக்குத்தான் அன்றிரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.