பல்கலைக்கழகத்தை எடைபோடுதல்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பல்கலைக்கழகப் படியேறி அறியாத மெட்ரிகுலேஷன்காரன் ஒருவனைப் பல்கலைக்கழகக் கல்வியைப் பற்றிப் பேசச் சொன்னது நம் செயலாளரின் துணிச்சல். ஆனால் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் எடைக்கணக்கு எழுதிய கை இது. அளப்பதைப் பற்றிச் சிறிது சொல்லலாம் என்று துணிந்து வந்தேன்.

நாம் குடியேறி வாழும் இக்கொல்கத்தா நகரில் 1857-ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதே ஆண்டில் பம்பாயிலும் சென்னையிலும் தோன்றின. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். கற்பிப்பது கல்லூரிகளின் பொறுப்பு. தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்பது ஏற்பாடு. 1858-இல் இங்கு நடந்த முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர் இருவரே. அவர்களில் ஒருவர் பங்கிம் சந்திர சட்டர்ஜி. அவருக்கும் கருணை மதிப்பெண் தேவைப்பட்டது! பின்னாளில் வங்க நாவலுக்கே வழி வகுத்தவரை அத்தேர்வு எவ்வளவு அறிந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த குழு, பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் செய்யச் சொன்னால் தேர்வு முறையையே சுட்டுவோம் என்ற கருத்தைத் தெரிவித்தது. பிறகு 1994-இல் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்க ‘நாக்’ என்னும் மன்றம் ஏற்பட்டது. ஒரு படிப்பை முடித்த மாணவன் எவற்றைச் செய்ய வல்லவனாக வேண்டும், வல்லவனானானா என்றும் அம்மன்றம் கேட்கிறது. கேள்வி நல்ல கேள்வி. விடை எழுதப்படும் விதத்தில்தான் என் ஐயம்.

எடைப்பாலத்தில் வேகன் ஏறி நின்றதும் வருகின்ற எண், சரக்கின் எடை அன்று. வேகனின் வெற்றெடை அதன் பக்கத்திலேயே வர்ணத்தில் எழுதியிருக்கும். அதைக் கழித்த பிறகே சரக்கு எவ்வளவென்று தெரியும். நாமோ கல்லூரியின் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். தொண்ணூறு மதிப்பெண்ணோடு வந்தவனைத் தொண்ணூறோடு அனுப்பும் கல்லூரி என்ன ஏற்றிற்று? நாற்பத்தைந்தோடு வந்தவனைத் தன் காலில் நிற்கச் செய்த கல்லூரி ஏற்றியது அதிகமல்லவா? தேர்ச்சி விழுக்காட்டிலும் ஒரு சூது உண்டு. முதலாண்டிலேயே நின்றுவிட்டவர்களைக் கணக்கில் விட்டால் விழுக்காடு தானே ஏறும். நம் வண்டிகள் கடைசி நிலையத்துக்குச் சரியான நேரத்தில் சேரும் மர்மம் உங்களுக்குத் தெரியாததா!

என் மூத்த மகள் பி.காம். முதல் வகுப்பில் தேறினாள். ஐந்தாண்டுக் கேள்வித்தாள்களை உருப்போட்டாள், அவை போதுமாயிருந்தன. முடிவு வந்த வாரம் என் வைப்புநிதிச் சீட்டைக் கொடுத்து, ஓராண்டு வட்டி சரிதானா பார் அம்மா என்றேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படி எங்களுக்குக் கேட்டதே இல்லை, அப்பா" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள்மேல் நான் குறை காணவில்லை. ஆசிரியர்களைப் பற்றிக் கருத்துக் கேட்கும் படிவம் தரவில்லையா என்றேன். தந்தார்களாம். ஆசிரியர் எதிரே நிற்க, வகுப்பு முழுவதும் பத்து நிமிடத்தில் ‘மிக நன்று’ என்று குறியிட்டுக் கொடுத்ததாம். அப்படிவமும் எங்கேனும் ஒரு கோப்பில் சான்றாக இருக்கும்.

பாதி வகுப்பு ஒரே கேள்வியில் தவறினால் தவறு பிள்ளைகளிடமா, பாடம் நடத்திய முறையிலா, கேள்வியிலேயா என்று ஆராய்ந்து, அடுத்த ஆண்டு பாடத்தை மாற்றுவதே மதிப்பீடு. சேரும்போது கேட்ட கணக்கையே முடிக்கும்போதும் கேட்டுப் பார்க்கலாம். வெளியேறி இரண்டாண்டு ஆனவர்களையும் இடையில் நின்றவர்களையும் விசாரிக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டாம். கேட்கும் மனம் வேண்டும்.

கல்லூரிகள் செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் காலனியில் பட்டம் பெற்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். எங்கே படித்தீர்கள், படிப்பில் எது வேலைக்கு உதவிற்று, எதை வெளியே கற்க நேர்ந்தது என்ற மூன்று கேள்விகளோடு ஒரு நோட்டுப் புத்தகம் நம் நூல்நிலைய மேசைமேல் இன்று முதல் இருக்கும். செயலாளர் இசைந்துவிட்டார். பெயர் எழுத வேண்டியதில்லை. ஜூன் மாதம் கல்லூரி தேடும் பெற்றோர் அதைப் பார்த்துக்கொள்ளலாம். முதல் பக்கத்தை என் மகள் எழுதியிருக்கிறாள்.