ஓரத்தில் ஒரு எண்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"புதிய தொழில்நுட்பமும் இளைய தலைமுறையும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கிழவனைக் கூப்பிட்டு இந்தத் தலைப்பைக் கொடுத்தால் திட்டத்தான் போகிறான் என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நான் இங்கே சிவில் பிரிவில் சேர்ந்தது 1972-இல். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் ஹெச்.பி.-35 என்ற கையடக்க சயின்டிஃபிக் கால்குலேட்டர் விற்பனைக்கு வந்தது. விலை 395 டாலர். எங்களுக்கு அதெல்லாம் கேள்விப்பட்டதோடு சரி. கையில் இருந்தது கிளார்க் டேபிளும் ஸ்லைடு ரூலும்தான். ஸ்லைடு ரூலைப் பார்த்திராத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அடிக்கோல் மாதிரி இருக்கும், நடுவில் ஒரு பட்டை நகரும். பெருக்கலாம், வகுக்கலாம், வர்க்கமூலம் எடுக்கலாம். ஆனால் புள்ளி எங்கே வரும் என்று அது சொல்லாது. 2.5, 25, 250 எல்லாம் அதற்கு ஒன்றுதான். புள்ளியை நாம்தான் மனசுக்குள் வைத்திருக்க வேண்டும்.

அதனால் எங்கள் கட்டமைப்புப் பேராசிரியர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கணக்கைத் தொடங்கும் முன் தாளின் ஓரத்தில் தோராயமாக விடை இவ்வளவு வரும் என்று பென்சிலால் ஒரு எண் எழுத வேண்டும். எழுதாவிட்டால் தாளைத் திருத்தவே மாட்டார். ஒருநாள் என் தாளைத் தூக்கிப் பிடித்து, "என்னப்பா இது, உன் பாலத்தோட கனம் ஒரு மாட்டு வண்டி அளவுதான் வருது?" என்றார். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் மூன்று பேர் இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கால்குலேட்டர் வந்தது, கணிப்பொறி வந்தது. ஓரத்து எண் போய்விட்டது. எட்டு தசம இடம் வரைக்கும் விடை வரும்போது தோராயம் எதற்கு?

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 300 அடிக்கு 360 அடி அளவில் ஒரு விளையாட்டரங்கக் கூரை. எஃகுச் சட்டங்களால் பின்னிய அமைப்பு, கணிப்பொறியில் ஆராய்ந்து வடிவமைத்தது. கட்டும்போதே அளந்து பார்த்ததில், கணிப்பொறி சொன்னதைப்போல் இரு மடங்கு கீழே தொய்ந்திருந்தது. சொல்லியும் பொறியாளர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1978 ஜனவரி 18 அதிகாலை, பனிப்பாரத்தில் கூரை முழுதும் சரிந்தது. சில மணி நேரத்துக்கு முன்புதான் ஏறக்குறைய 5,000 பேர் அங்கே கூடைப்பந்தாட்டம் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. கணிப்பொறி தப்பாகக் கூட்டவில்லை. சட்டங்கள் பக்கவாட்டில் வளையாதபடி முட்டுக் கொடுத்திருக்கிறது என்று அதற்குச் சொன்னவர்கள் மனிதர்கள். அந்த முட்டு போதிய அளவில் இல்லை.

அது அமெரிக்கா. இனி என் கதை. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஓய்வுக்குப் பிறகும் சின்ன வேலைகளுக்கு ஆலோசனை சொல்கிறேன். போன வருடம் ஒரு வீட்டுக் கூரைத்தளம். 10 மீட்டருக்கு 8 மீட்டர், பருமன் 12.5 சென்டிமீட்டர். உடன் இருந்தது புதிதாகப் படித்து வந்த ஒரு பெண், கெட்டிக்காரி. போனில் உள்ள செயற்கை நுண்ணறிவிடம் அளவைச் சொல்லிக் கம்பி எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, பட்டியல் தயாரித்தாள். அழகான அட்டவணை. 80 கிலோ.

கம்பி மேஸ்திரி தாளை வாங்கிப் பார்த்தார். அவர் படித்தது ஐந்தாவதுதான். "ஐயா, 80 கிலோவா? சன்ஷேடு, லிண்டலுக்கே சரியாப் போயிடுமே. தளத்துக்கு என்ன பண்றது?" என்றார்.

தளத்துக்குக் கனமீட்டருக்கு ஏறத்தாழ 80 கிலோ என்பது எங்கள் துறையில் வாய்ப்பாடு மாதிரி. இந்தத் தளம் 10 கனமீட்டர். 800 கிலோ வர வேண்டும். 12.5 சென்டிமீட்டர் என்பதை அந்தப் பெண் மில்லிமீட்டர் என்று கொடுத்துவிட்டாள். அரை அங்குலப் பருமனில் கான்கிரீட் தளமா என்று இயந்திரமும் கேட்கவில்லை, கொடுத்ததற்குக் கணக்காக விடை சொல்லிவிட்டது.

அவளைக் கோபித்துக்கொள்ள வாயைத் திறந்தேன். அப்போதுதான் தாளின் அடியைப் பார்த்தேன். என் இனிஷியல் இருந்தது. முந்தைய நாள் சாயங்காலம் அட்டவணையின் அழகைப் பார்த்துப் போட்டது. கிளார்க் டேபிள் புரட்டி வளர்ந்த கை போட்ட கையெழுத்து. மேஸ்திரி கேட்டிராவிட்டால் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். வேலை நடுவில் கம்பி தீர்ந்து எப்படியும் தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். அடுத்த முறை பத்து மடங்காக இல்லாமல் ஒன்றரை மடங்காகப் பிசகினால்?

அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. அன்று ராத்திரி அதே போனில், தளத்தின் எடை எப்படி வருகிறது, கம்பி ஏன் அடியில் போகிறது என்று தமிழிலேயே கேட்டுக் கேட்டுப் படித்திருக்கிறாள். மறுநாள் என்னிடம் கேட்ட சந்தேகங்கள் எல்லாம் சரியானவை. எங்கள் காலத்தில் சந்தேகம் வந்தால் பேராசிரியர் அறை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவோம். பயம்! அப்படி எத்தனையோ சந்தேகங்களைக் கேட்காமலே பட்டம் வாங்கினேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது பிள்ளைகள் கெட்டார்கள் என்றுதான் நானும் சொன்னேன். இப்போது அப்படி ஒரே வார்த்தையில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஓரத்தில் ஒரு எண் எழுதும் பழக்கத்தை யாரும் கற்றுத் தரவில்லை. தர வேண்டியவர்கள் நாங்கள். எங்களுக்கே மறந்துபோய்விட்டது.

துறைத் தலைவரிடம் பேசிவிட்டேன். மாதம் இரண்டு சனிக்கிழமை வருகிறேன். ஒரு மணி நேரம். போனை வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும், போகும்போது எடுத்துக்கொள்ளலாம். மதிப்பெண் கிடையாது, டீ உண்டு. என் ஸ்லைடு ரூலையும் கொண்டு வருகிறேன், தொட்டுப் பார்க்கலாம்.

முதல் கணக்கை இப்போதே தருகிறேன். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த அரங்கின் கூரைத்தளம் எத்தனை டன்? பருமன் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி போட்ட கான்கிரீட் கனமீட்டருக்கு இரண்டரை டன். நீள அகலத்தைக் காலடியால் அளந்துகொள்ளுங்கள். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து விடை சொல்லலாம். முதல் வரிசை நண்பர்களும் கலந்துகொள்ளலாம், மாட்டு வண்டிக் கணக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.