குறைந்தது இரண்டு இருக்கட்டும்



தீபாவளிக்கு முந்திய வாரம். ஜோகூரிலிருந்து பினாங்குக்கு இணையத்தில் பேருந்து டிக்கெட் எடுக்கிறீர்கள். பணம் கட்டும் நேரத்தில் பக்கம் நின்றுவிடுகிறது. கணினி கெட்டுப்போய்விட்டது என்று நினைப்போம். சில வேளைகளில் கெட்டது எதுவுமில்லை, பராமரிப்பு நடக்கிறது, அவ்வளவுதான்!

இன்று பல இணையச் சேவைகள் கூகுள் நிறுவனம் 2014-இல் பொதுவில் வெளியிட்ட 'குபெர்னெட்டிஸ்' மென்பொருளில் ஓடுகின்றன. ஒரு சேவையின் பல நகல்களைப் பல கணினிகளில் ஓட்டுவது அதன் வேலை. நகலுக்குப் 'பாட்' என்று பெயர். ஒரு கணினியைப் பராமரிக்க வேண்டுமானால், முதலில் அதிலுள்ள பாட்களை வெளியேற்றுவார்கள். டிக்கெட் சேவையின் மூன்று நகல்களும் அதே கணினியில் இருந்தால்? மூன்றும் ஒன்றாகக் கிளம்பிவிடும். வேறு கணினியில் புதியவை தயாராகும்வரை கடைக்குப் பூட்டுதான்.

இதற்காகவே 'பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட்' என்ற ஏற்பாடு இருக்கிறது. 2021-இல் வந்த 1.21-ஆம் பதிப்பில் அது நிலைபெற்றது. 'எந்நேரமும் குறைந்தது இரண்டு நகல் வேண்டும்' என்று எழுதி வைத்தால், அதை மீறும் வெளியேற்றக் கோரிக்கைக்கு 429 என்ற மறுப்பு வரும். பராமரிப்புக் கட்டளை காத்திருந்து மறுபடி கேட்கும். புதிய நகல் தயாரான பிறகே அடுத்தது கிளம்பும்.

அதிக அக்கறை உள்ளவர்கள்தாம் இங்கே இடறுகிறார்கள். மூன்று நகலுக்கு 'குறைந்தது மூன்று' என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு ஒன்றைக்கூட அசைக்க முடியாது. பாதுகாப்புத் திருத்தங்கள் ஏறாமல் கணினி பழசாகிக் கிடக்கும். பொறுமையிழந்த பொறியாளர் ஒருவர் பாட்களை நேரடியாக அழித்தால் பட்ஜெட் குறுக்கே வராது! கூகுளின் ஜி.கே.இ. சேவையும், கணினிகளை மேம்படுத்தும்போது ஒரு மணி நேரம் வரைதான் இதற்குப் பொறுத்திருக்கும். ஒரே நகலை வைத்துக்கொண்டு 'குறைந்தது ஒன்று' என்பதும் இதே கதைதான்.

'ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் இல்லாமல் போகலாம்' என்று எழுதுவதே மேல். நகல்கள் மூன்று பத்தானாலும் அது பொருந்தும்.

இன்னொன்று, நேயர்களே. மின்சாரம் போனாலோ கணினியே செத்தாலோ பட்ஜெட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு நகல்களை வெவ்வேறு கணினிகளில் பரப்பி வைக்கத் தனியாகச் சொல்ல வேண்டும்.