நீரிழிவும் நெஞ்சத்துயரும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீரிழிவைக் குறித்துப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தபொழுது, "மருத்துவர் பேசவேண்டிய பொருளைத் தமிழாசிரியன் பேசுதல் தகுமோ?" என வினவினேன். "உணவையும் மருந்தையும் பற்றி மருத்துவர் முன்னரே பேசிவிட்டனர், நோயாளியின் மனத்தைப் பற்றி ஒருவரும் பேசிற்றிலர். தாங்களோ 6 ஆண்டுகளாக அந்நோயுடையவர்" என்று அவர் விடையிறுத்தார். அதுபற்றியே ஈண்டு நிற்கின்றேன்.

முதற்கண் சொல்லை ஆராய்வோம். அஃது எம்போன்றார் வழக்கம், பொறுத்தருள்க. இழிதல் என்பதற்கு இறங்குதல், வழிந்தோடுதல் என்பன பொருள். உடலினின்றும் நீர் மிகுதியாய் இழிதலின் நீரிழிவு எனப்பட்டது. மேனாட்டார் வழங்கும் டயபிட்டீஸ் என்னும் கிரேக்கச் சொல்லும் ஊடு சென்று ஒழுகுதல் என்றே பொருள்படும். ஆயின், இழிவு என்பதற்குத் தாழ்வு என்னும் பொருளும் உண்டன்றோ? நம்மவர் செவியில் அப்பொருளே வீழ்கின்றது போலும். நோயுற்றான் ஏதோ குற்றம் புரிந்தான்போற் கூசுகின்றான். பெண் கொடுப்போரும் கொள்வோரும் அறியாவண்ணம் குடும்பத்தார் அதனை மறைக்கின்றனர். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வோ, நம் நாட்டில் இந்நோயுடையார் 10 கோடிக்கு மேற்பட்டோர் எனக் கணித்துரைத்தது. இத்துணைப் பேர்க்கு வந்த ஒன்றனை யாரிடத்து மறைப்பது?

சென்ற தைத் திங்களில் நம்மவர் இல்லத் திருமணம் ஒன்றில் நிகழ்ந்ததனைச் சொல்வேன். மூதாட்டியார் ஒருவர், பிறர் காணலாகாதென்று உள்ளறை புக்குக் கதவடைத்து, இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு பந்திக்கு வந்தார். பந்தியோ முக்கால் மணி நேரம் தாழ்ந்தது. "ஊசி போட்டாயிற்று; எனக்கு முதலிற் சோறு இடுங்கள்" என்று கேட்க நாணி, அம்மையார் வாளா இருந்தார். உடல் வியர்த்தது, கை நடுங்கியது, சொற்கள் குழறின. விழுங்கும் அளவிற்கு நினைவு இருந்தமையால், பேத்தி சர்க்கரை கரைத்த நீரைப் பருகுவித்தாள். கால் மணியளவில் தெளிந்தார். நினைவு முற்றும் தப்பியிருப்பின் வாயில் ஒன்றும் ஊற்றுதல் கூடாது. மருத்துவமனைக்கே கொண்டு செல்லல் வேண்டும். அவ்வொரு நாணம் ஓர் உயிரையே கொண்டிருக்கும்.

அவ்வூசியின் வரலாறு நாணத்திற்குரியதன்று. 1922 ஜனவரியில் கனடா நாட்டு டொராண்டோ நகரத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதல் இடப்பட்டது. அதற்கு முன்னர், இளமையில் இந்நோய் கண்டவர்கள், பட்டினிக்கு ஒப்பான உணவினால் சிறிது காலம் உயிரை நீட்டித்துப் பின் மடிந்தனர்.

இந்நோயினால் விளையும் மனத்துயரை மருத்துவ நூலார் தனியே எடுத்து ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க உளநூல் அறிஞர் வில்லியம் போலான்ஸ்கி என்பாரும் அவர்தம் துணைவரும் 1995-இல் 20 வினாக்கள் கொண்ட அளவைத்தாள் ஒன்றை வெளியிட்டனர். 2005-இல் வந்த மற்றொன்று 17 வினாக்கள் உடையது. பின்னையது, நோயின் மனச்சுமை, அன்றாட நியமங்களின் சுமை, மருத்துவர்பாற் காணும் குறை, சுற்றத்தாரால் வருவது எனத் துயரை நான்காக வகுக்கின்றது. நான்காவதே நம் வீடுகளில் மிகுதி என்பது என் துணிபு.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய மருந்து, மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக, உடனிருந்து பேணுவோனையும் வைத்தது. நம் இல்லங்களிலோ பேணுவோர் காவற்காரராகி விடுகின்றனர். "இன்று எவ்வளவு? 240-ஆ? யாருக்கும் தெரியாமல் என்ன தின்றீர்கள்?" என்னும் விசாரணை நாடோறும் நடைபெறும். அதே வீட்டார் விருந்தினன்று, "ஒரு லட்டு தின்றால் ஒன்றும் ஆகாது" என்று இலையில் வைத்து வற்புறுத்துவர்! முடிவில் நோயாளி, உண்டதையும் மறைப்பான். சர்க்கரை பார்ப்பதையும் நிறுத்துவான்.

இரத்தத்திற் சர்க்கரை உணவொன்றினால் மட்டும் ஏறுவதன்று. காய்ச்சலால் ஏறும், உறக்கமின்மையால் ஏறும், வேறு நோய்க்கு உண்ணும் சில மருந்துகளாலும் ஏறும். கவலையுற்றவழி அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் மிகுந்து, கல்லீரல் தன்னிடத்துள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடுக்கும். ஆகவே ஏசுவாரது ஏச்சும் அவ்வெண்ணை ஏற்றக்கூடும். மதிப்பெண் இடுதலையே தொழிலாக உடைய யான் சொல்கின்றேன்: கருவி காட்டும் எண், ஒருவனது ஒழுக்கத்திற்கு இட்ட மதிப்பெண் அன்று. மருந்தையும் உணவையும் திருத்துதற்கு உதவும் செய்தி, அவ்வளவே.

நோயுடையாரும் தமக்கு வேண்டும் உதவி இன்னதென வாய்திறந்து சொல்லல் வேண்டும். என் மனைவியாரிடத்து யான் வேண்டிக்கொண்டது இரண்டே: காலையில் எண்ணைக் கேளாதிருத்தல், மாலையில் என்னுடன் நடக்க வருதல். முன்னையது அவருக்கு எளிதாய் இருந்திலது. பின்னையதில் ஒரு நாளும் தவறிலர்.

இத்துயர் வேறு, மனச்சோர்வு நோய் வேறு என்பதனையும் அறிதல் வேண்டும். எதனினும் விருப்பமின்றி, உறக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்திற்கு மேலும் ஒருவர் வாடியிருப்பின், "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்னும் உபதேசம் பயன்படாது, மருத்துவரிடம் அழைத்தேகுக. அந்நோய் தீர்க்கத் தக்கது. 2022-இல் மத்திய அரசார் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

நமது திருமணக் கூடத்தைப் பற்றி ஒரு விண்ணப்பம் உண்டு. ஊசியோ மாத்திரையோ கொள்வார்க்கென முதற்பந்தியில் ஒரு வரிசை ஒதுக்கி, அதனை ஒலிபெருக்கியில் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். இதனை நிருவாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுமாறு தலைவரவர்களை வேண்டி அமர்கின்றேன்.