குற்றமின்றிச் சிறையா?

(ஊர்காவற்றுறையில் ஆற்றிய உரை)



நமது துறைமுகத்தின் எதிரே நிற்கும் கடற்கோட்டை ஒருகாலத்தில் சிறைச்சாலையாக இருந்தது. தண்டனை பெற்ற கைதிக்குக் குற்றச்சாட்டு உண்டு, தீர்ப்பு உண்டு, விடுதலை நாளும் உண்டு. அறிவு வளர்ச்சி குன்றியோர் என்பதற்காகவே விடுதிகளில் அடைக்கப்படுவோருக்கு இவற்றுள் எது உண்டு?

நியூயோர்க்கின் ஸ்ரேற்றன் தீவில் வில்லோபுறூக் என்னும் அரசாங்க நிலையம் இருந்தது. 4,000 பேருக்கென அமைந்த அங்கே 1965இல் 6,000 பேர் அடைந்து கிடந்தனர். 1972இல் தொலைக்காட்சிப் படக்கருவி உள்ளே புகுந்தபோதுதான், உடையின்றித் தரையிற் கிடந்த பிள்ளைகளை நாடு கண்டது. பெற்றோர் வழக்காடினர். 1975இல் நீதிமன்றத்தில் உடன்பாடு பிறந்தது. 1987இல் நிலையம் மூடப்பட்டது.

தூரதேசத்துக் கதையென்று ஒதுக்காதீர்கள். கடலுக்கு அப்பால், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் மனநோயாளர் விடுதியொன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றி எரிந்தனர். 28 உயிர்கள் மாண்டன. மூடிய கதவே அவர்களைக் கொன்றது!

நம் நாட்டில் சட்டம் இல்லையா? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தோர்க்குப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரை, எங்கே, யாருடன் வாழ்வதென்று தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை அவர்களுக்கு அளிக்கிறது. ஆயினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

பிள்ளையை விடுதியில் விட்ட தாயை நான் பழிக்கவில்லை. உதவியற்ற வீடே பிள்ளையை வெளியே அனுப்புகிறது. ஆகவே நாம் கேட்பவை இரண்டு: விடுதிகள் முன்னறிவித்தலின்றிச் சோதிக்கப்படல் வேண்டும், பயிற்சியும் உதவிப்பணமும் தீவுகளுக்கே வந்து சேரல் வேண்டும்.

பிள்ளை ஊரைவிட்டுப் போகவேண்டாம். உதவி ஊருக்கு வரட்டும்!