சீட்டுக்கு அடியில் ஈரம்

(வாகன மின்பழுதுப் பயிற்சி முடித்த இளைஞர்களும் அவர்களின் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சான்றிதழ் கொடுக்கும் கூட்டத்தில் கார் சீட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பட்டனை அழுத்தினால் முன்னும் பின்னும் நகரும் பவர் சீட் ஒரு காலத்தில் பெரிய பணக்காரர் வண்டியில்தான் இருந்தது. இன்று நம் தெருவில் நிற்கும் நடுத்தர விலைக் கார்களிலும் வந்துவிட்டது. அது கெட்டுப்போனால் சொகுசு மட்டும் போவதில்லை. உயரமான கணவர் பின்னுக்குத் தள்ளி வைத்த சீட் அப்படியே நின்றுவிட்டால், அடுத்து ஓட்டும் மனைவிக்குப் பிரேக் எட்டாது.

நம் ஜமாஅத்தில் ஒரு குடும்பத்துக்கு இதே நிலை வந்தது. அவர்கள் போன ஒர்க்‌ஷாப்பில் சீட்டுக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், மோட்டார் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்றார்களாம். வண்டி நம் பயிற்சிக் கூடத்துக்கு வந்தது. நம் ஆசிரியரும் இரண்டு பிள்ளைகளும் பார்த்தார்கள். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. கம்பளத்தை ஒட்டிக் கிடந்த கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. சுத்தம் செய்து, அரித்துப்போன ஒரு பின்னை மாற்றியதும் சீட் நகர்ந்தது.

களிம்பு எப்படி வந்தது என்று இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன! கதவிடுக்கு வழியாக நுழைந்த தண்ணீர் முதலில் தேங்கும் இடம் தரைக் கம்பளம். சீட்டின் வயர்களும் இணைப்புகளும் அதற்குச் சற்று மேலேதான் இருக்கின்றன. வண்டி ஓடும், ஏசி வரும், எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். களிம்போ மாதக்கணக்கில் மெல்ல வேலை செய்துகொண்டிருக்கும்.

பிள்ளைகளே, சீட் வந்தால் உடனே ஸ்பேனரைத் தூக்காதீர்கள். முதலில் காதைக் கொடுங்கள். பட்டனை அழுத்தும்போது மோட்டார் உறுமியும் சீட் நகரவில்லையா? கரண்ட் வருகிறது, தடங்கல் தண்டவாளத்திலோ பல்சக்கரத்திலோ இருக்கிறது. பெரும்பாலும் ஒரு நாணயம், பேனா, குழந்தையின் பொம்மை. சத்தமே இல்லை, ஆனால் உள்விளக்கு லேசாக மங்குகிறது என்றாலும் மோட்டார் இறுகி நிற்கிறது என்று சந்தேகப்படலாம். சத்தமும் இல்லை, விளக்கும் மங்கவில்லை என்றால் மற்ற அசைவுகளைப் பாருங்கள். உயரம், சாய்வு எல்லாமே செத்திருந்தால் ஃபியூஸ், எர்த், பொதுவான இணைப்பு. ஒரே ஒரு அசைவு, அதுவும் ஒரு திசையில் மட்டும் போயிருந்தால் ஸ்விட்சின் உள்முனை. சீட் ஓர் இடத்தில் நிற்கும்போது வேலை செய்து, நகர்ந்ததும் நின்றுவிட்டால், மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறுந்த வயரைத் தேடுங்கள்.

மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது என்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். மோட்டார் இழுக்காத நேரத்தில் களிம்பு பிடித்த இணைப்பிலும் 12 காட்டும். மோட்டாரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து, கனெக்டரைக் கழற்றாமல், பட்டனை அழுத்தியபடி பாருங்கள். அப்போதும் முழு வோல்ட் நின்று மோட்டார் அசையாவிட்டால்தான் மோட்டாரைக் குற்றம் சொல்லலாம். வோல்ட் சரிந்தால் ஸ்விட்ச் வழியாக ஃபியூஸ் வரை பின்னோக்கிப் போங்கள். எர்த்தையும் விட்டுவிடாதீர்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடுவதும், செம்புக் கம்பி சுற்றுவதும் வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அது ஏர்பேக், சீட் பெல்ட்டை இறுக்கும் கருவி இவற்றுக்கானது. டெஸ்ட் லேம்போ மீட்டரோ அதில் வைக்கக் கூடாது. சீட்டைக் கழற்ற வேண்டி வந்தால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, அந்த வண்டியின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் கை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட செய்தி நமக்குத் தெரியும்; ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மழையில் நனைந்ததை மேலே வைக்காமல் மறைத்ததற்காக அந்த வியாபாரி கண்டிக்கப்பட்டார். வெள்ளத்தில் நின்ற காரைப் பாலிஷ் போட்டு விற்பது அந்தக் குவியல்தான். பழைய கார் வாங்கும் குடும்பங்கள் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறையைத் தேடுங்கள். விற்பவர் நம்மவராக இருந்தாலும் பாருங்கள்.

பெற்றோரிடமும் வண்டிக்காரர்களிடமும் ஒரு மனக்குறையைச் சொல்ல வேண்டும். ஒன்றரை மணி நேரம் குனிந்து பழுதைக் கண்டுபிடித்த பையனிடம், “ஒரு வயரைத்தானே தம்பி சரி பண்ணினே?” என்று கேட்டு ஐம்பது ரூபாயை நீட்டுகிறோம். நன்றாயிருந்த மோட்டாரை மாற்றியவரிடம் பில்லைப் பார்த்ததும் பேசாமல் பணம் கட்டுகிறோம். இப்படி இருந்தால் நேர்மையான மெக்கானிக் எப்படிப் பிழைப்பான்? பொருளின் விலைக்குள் கூலியை ஒளிக்கும் பழக்கத்தை நாமே வளர்த்துவிடுகிறோம். கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்குரிய கூலி ஹலாலான கூலி. பிள்ளைகளே, பார்ப்பதற்கு இவ்வளவு என்று வண்டியைத் தொடும் முன்பே சொல்லிவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளர் கையில் கொடுங்கள்.

பையன் டிகிரி படிக்கவில்லையே என்று வருந்தும் அத்தாமார்களுக்கும் ஒரு வார்த்தை. வாகன மின்கருவிகள் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் 1961-இல் தொடங்கி நம் பக்கத்துப் பாடியில்தான் வளர்ந்தது. 1998-இல் சான்ட்ரோ வெளிவந்த ஹூண்டாய் ஆலை பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில். வாகனத்தை நம்பியே வாழும் வட்டாரம் இது. வண்டியில் மின்சாரம் கூடக் கூட, மீட்டர் பிடிக்கத் தெரிந்தவனுக்கு வேலையும் கூடும்.

சொந்தமாக மீட்டர் வாங்க இயலாத பிள்ளைகளுக்காக அலுவலகத்தில் சில மீட்டர்கள் வைத்திருக்கிறோம். பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம். ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் ஆசிரியர் கூடத்தில் இருப்பார்; கண்டுபிடிக்க முடியாத பழுதை அன்று கொண்டு வாருங்கள். வஸ்ஸலாம்.